குளியல் தொட்டி விஷயமாக யஞ்சிமாவுக்கு

1999 பிப்ரவரி 3, புதன்கிழமை
நான்காம் மாடி, வீடு எண் 31

அன்புக்கும் அதே அளவு அச்சத்துக்கும் உரிய யஞ்சிமாவுக்கு,

உன் கணவன் நம்ஸ்ராய் எழுதுவது. இந்தக் குளிர்காலம் உனக்கு இதமாகக் கழிகிறதா? உன் முழங்கால்கள் சொன்னபடி கேட்கின்றனவா? நம் மகள் நொமின் எழுந்து நடக்கிறாளா? பேத்தி பால் குடிக்கிறாளா? மாப்பிள்ளை வீட்டு ஆடுமாடுகள் கொழுத்திருக்கின்றனவா? தலைநகரில் டிராலிபஸ் ஓட்டும் மாப்பிள்ளைக்கு ஆடு ஏது, மாடு ஏது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் குளிர்காலத்துக் கடிதத்தில் அதைக் கேட்காமல் விட்டால் முறையாகாது. இங்கே நான் சுகம். வெளியே மைனஸ் முப்பத்தாறு. வீட்டுக்குள் என்ன நிலவரம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமான இந்த இருபத்தொன்பது வருஷத்தில் உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. தபால் நிலையத்தில் வரிசையில் நின்று தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அங்கே மூன்று நிமிஷம்தான் தருவார்கள். மூன்று நிமிஷத்தில் உன்னிடம் உண்மையையும் சொல்ல முடியாது, பொய்யையும் சொல்ல முடியாது, "ம், ம், சாப்பிட்டேன்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதைத்தான் இரண்டு தடவை சொன்னேன். இனிமேல் ஒளிக்கப் போவதில்லை. முதலில் நல்ல செய்தி: வீடு நிற்கிறது. ஜன்னலோரப் பூச்செடி இரண்டில் ஒன்று உயிரோடு இருக்கிறது. உன் அண்ணன் கொம்போ சுகம், இங்கேதான் இருக்கிறான். குளியல் தொட்டியும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

நொமினின் பிரசவத்துக்காக நீ தலைநகருக்குப் போன ஆறாம் நாள், ஜனவரி எட்டாம் தேதி காலையில், செம்பு ஆலையின் தாதுக் குவியலுக்கு அடிவாரத்தில் இருக்கிற நம் வளர்ப்புக் கொட்டகையில் கொதிகலன் வெடித்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் மூன்று தொட்டிகளில் இரண்டு அடிவரை பனிக்கட்டியாகிவிட்டன. நான்கு வருஷமாக நான் வளர்த்த பாக்டீரியா, யஞ்சிமா. முதல் வருஷம் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்களே, அது வெயில் நாட்டுச் சரக்கு, நம் நவம்பரைக்கூடத் தாங்காமல் செத்துப்போயிற்று. அதன்பிறகு பழைய சுரங்கப் பள்ளத்தின் ஓரத்தில், எல்லாத் தண்ணீரும் உறைந்த பிறகும் உறையாமல் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்த ஓர் ஊற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரே ஒரு ஊறுகாய்ப் பாட்டில் அளவு எடுத்துவந்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழக்கி வளர்த்தது இது. மூன்றாவது தொட்டியில் கை வைத்துப் பார்த்தேன். நாலு டிகிரி இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அதுவும் கல்லாகிவிடும்.

மேலாளர் சிமெட்டிடம் ஓடினேன். அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும், என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன், அதிகாரி என்பதை மறந்து எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். "புதுக் கொதிகலனுக்கு ரஷ்யாவுலேர்ந்து பாகம் வரணும்ணே. பத்து நாள் ஆகும்" என்றான். "பத்து நாள்ல மூணாவது தொட்டியும் போயிடும், அது இல்லன்னா புதுக் குவியல் உறைஞ்சுடும், சிமெட்" என்றேன். அவன், "உறைஞ்சா மே மாசம் வரைக்கும் ஆலைய மூடிடச் சொல்லி மேலேர்ந்து தாக்கீது வந்தாச்சு. முப்பத்தோரு பேரையும் பிப்ரவரியில வர்ற நம்ம புத்தாண்டுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பணும். லிஸ்ட் என் மேசையிலதான் இருக்கு, கையெழுத்துப் போடல" என்றான். அந்த முப்பத்தோரு பேரில் இருபத்தாறு பேரை உனக்குத் தெரியும். பாதிப் பேர் வீட்டில் நீதான் பிரசவம் பார்த்தாய்.

நம் ஊரில் இருபத்தைந்து டிகிரிக்குக் குறையாமல் இருக்கும் இடம் எது என்று யோசித்தேன். நம் குளியலறை. ஊரின் வெந்நீர்க் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது, உன் துணியெல்லாம் அரை மணியில் காய்கிற இடம். நூற்றிருபது லிட்டரைப் பால் கேன்களில் ஊற்றி, கம்பளியால் சுற்றி, ஜீப்பின் பின்னால் வைத்து, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தேன். அந்தத் தண்ணீர் எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பு, தொட்டியின் வெள்ளைப் பூச்சை அரித்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால் தொட்டிக்குள் ஒரு விரிப்பு விரித்தேன். நீ புத்தாண்டுக்காக வாங்கி பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்த, சூரியகாந்திப் பூப்போட்ட, புது பிளாஸ்டிக் மேசை விரிப்பு. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறேன். மூச்சுவிடக் காற்று வேண்டுமே என்று நொமினின் மீன் தொட்டியிலிருந்து காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டாரை எடுத்துப் போட்டேன். மீன்கள் நலம், அவை இப்போது சூப் பானையில் இருக்கின்றன, அடுப்பில் அல்ல. ஆலையிலிருந்து இரும்பு உப்பு ஒரு மூட்டை கொண்டுவந்து காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை தீனி போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் பச்சையிலிருந்து நல்ல செங்கல் நிறத்துக்கு மாறியது. பிழைத்துவிட்டன என்று அர்த்தம். நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தது அன்றைக்குத்தான்.

அன்றே உன் அண்ணன் வந்து சேர்ந்தான். கடைவாய்ப் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவன், தோளில் பாதி ஆட்டை உறைந்தபடியே தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து, ஆட்டை பால்கனியில் போட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல், "மாப்ள, செப்டம்பர்லேர்ந்து இந்த வெந்நீர்க் குளியலத்தான் நெனச்சிட்டு இருக்கேன்" என்று அங்கியைக் கழற்றிக்கொண்டே குளியலறைக்குள் போய்விட்டான். நான் தடுப்பதற்குள் ஒரு காலைத் தூக்கிவிட்டான். தூக்கிய காலோடு அப்படியே நின்றான்.

"என்ன மாப்ள இது?"

"பாக்டீரியா, மச்சான்."

"பேர் கேக்கல. காய்ச்சறதா, ஊறவைக்கறதா?"

"ரெண்டும் இல்ல. வளக்கறது."

காலைக் கீழே வைத்தான். தொட்டியின் ஓரத்தில் குந்தினான். "எத்தன உருப்படி?"

"ஒரு சொட்டுலயே பல லட்சம் இருக்கும்."

குனிந்து குமிழிகளைப் பார்த்தான். "அப்ப இந்த மாகாணத்துலயே பெரிய மந்தை உன்னுதுதான்" என்றான். அதற்கப்புறம் உன் அண்ணன் கேட்ட கேள்விகள் எல்லாம் மேய்ப்பன் கேட்கிற கேள்விகள். என்ன தீனி? இரும்பு. குளிர் தாங்குமா? பத்து டிகிரிக்குக் கீழே போனால் சுணங்கும், உறைந்தால் முக்கால்வாசி சாகும். பால் தருமா? பால் தராது, சூடு தரும். "சூட்ட வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றான். நான் சொன்னேன்: மலையை உடைத்துக் குவியலாகக் கொட்டியிருக்கிறோம், மச்சான். அதற்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் சொட்டுக் குழாய் புதைத்து, புளிப்புத் தண்ணீரைச் சொட்டவிடுகிறோம். அது கல்லுக்குள் இறங்கிச் செம்பைக் கரைத்துக்கொண்டு அடியில் நீலமாக வந்து சேர்கிறது. கோடையில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நம் ஊர்க் குளிரில் குவியலுக்குத் தன் உடம்புச் சூடு இருந்தால்தான் தண்ணீர் உறையாமல் இறங்கும். அந்த உடம்புச் சூட்டை இவைதான் தருகின்றன, கல்லில் இருக்கிற இரும்பையும் கந்தகத்தையும் தின்று. உன் அண்ணன் தலையை ஆட்டினான். "நம்ம தயிருக்கு எடுத்து வைக்கற உறை மாதிரி. இது போனா அடுத்த பானை கிடையாது" என்றான். நாலு வருஷமாக நான் கூட்டம் கூட்டமாகப் பொறியாளர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாத விஷயம், யஞ்சிமா. அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது, ஆனால் அவன் குளித்து நாலு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள்தான் கத்தி விழுந்தது. உன் அப்பாவின் இடுப்புக் கத்தி, வெள்ளிப் பிடிபோட்டது. மந்தை சரியாக மூச்சுவிடுகிறதா என்று பார்க்கக் கொம்போ குனிந்தபோது உறையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் போயிற்று. உன் அண்ணன் கையை விட்டுத் துழாவி எடுப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆனது. எடுத்தபோது எஃகு இல்லை, பிடியிலிருந்து முனைவரை பளபளவென்று செம்பு. உன் அண்ணன் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு அப்பா அப்பா என்று இரண்டு தடவை சொன்னான். நான் விளக்கினேன், இதில் அதிசயம் ஒன்றுமில்லை, அந்தத் தண்ணீரில் செம்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது, இரும்பைக் கண்டால் இரும்பைத் தள்ளிவிட்டு அது வந்து ஒட்டிக்கொள்ளும், மணலில் தேய்த்தால் போய்விடும் என்று. "நீ படிச்சவன், உனக்கு அதிசயம் இல்ல" என்று சொல்லிவிட்டு, குதிரையின் கடிவாளக் கம்பியை முக்கினான், பிறகு உன் சூப்புக் கரண்டியை முக்கினான், நான் ஆலைக்குப் போய் வருவதற்குள் வீட்டில் இருந்த இரும்புச் சாமானில் பாதி செம்பாகிவிட்டது. கரண்டி உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கத்தி விழுந்தபோது முனையால் விரிப்பைக் கிழித்திருக்கிறது. சூரியகாந்தி ஒன்றின் நடுவில், சரியாக ஒரு விரல் நீளம். அதை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தது கீழ்வீட்டு தாரீமா அக்கா. வியாழக்கிழமை காலை கதவைத் தட்டினாள். நம் படிக்கட்டில் ஏறி இறங்கும் வீடுகளின் குழுத் தலைவி என்ற முறையில் வந்திருப்பதாகச் சொன்னாள், கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது.

"தம்பி, என் தலை மேல டீ சொட்டுது."

"அது டீ இல்லக்கா."

"தெரியும். நக்கிப் பாத்தேன். புளிக்குது." நோட்டைப் பிரித்தாள். "நாலாம் மாடியில சாராயம் ஊறல் போட்டிருக்காங்கன்னு எழுதிக்கறேன். யஞ்சிமா ஊர்ல இல்லன்னா ஒனக்குத் துளிர் விட்டுப்போச்சு."

"நக்காதீங்கக்கா, அது ஆலைத் தண்ணி. வாயைக் கழுவுங்க மொதல்ல." அவளைக் குளியலறைக்கு அழைத்துப் போய்த் தொட்டியைக் காட்டினேன். கொம்போ எழுந்து நின்று, தன் மந்தையை விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். தாரீமா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சாராயம் இல்லியா?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, ஏமாற்றம் என்று எனக்குப் பட்டது. நாங்கள் மூவருமாக அவசரம் அவசரமாகத் தண்ணீரை எல்லாம் பால் கேன்களிலும் உன் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயிலும் மொண்டு ஊற்றி (பீப்பாயை ஏழு தடவை கழுவியாயிற்று), ஆலையிலிருந்து தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் கொண்டுவந்து தொட்டியில் இரண்டு மடிப்பாகப் போட்டு, மறுபடி ஊற்றினோம். அக்காவின் கூரைக் கறையை நான் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டேன். கறை மறுபடி தெரிகிறது. குதிரை வடிவத்தில் இருக்கிறது, போகட்டும் விடு என்கிறாள்.

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரம். மறுநாள் மத்தியானம் நடந்தது அப்படியில்லை. ஊரின் அனல் நிலையத்தில் ஏதோ கோளாறு என்று வெந்நீர்க் குழாய் நின்றுபோயிற்று. மின்சாரம் இருந்தது, வெப்பம்தான் இல்லை. ஒரு மணிக்குத் தொட்டியில் இருபத்தைந்து டிகிரி. மூன்று மணிக்குப் பத்தொன்பது. நாலரைக்குப் பதினாலு. ஜன்னலுக்கு உள்பக்கம் பனிப்பூ பூத்துவிட்டது. இருக்கிற கம்பளி, மெத்தை, உன் குளிர்த் தொப்பி எல்லாவற்றையும் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். பதினொன்று. அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோரு வீடு, நாலு வருஷம், ஓர் ஊறுகாய்ப் பாட்டில். வயது ஐம்பத்தாறாகிறது, இன்னொரு நாலு வருஷம் எனக்கு யார் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெந்நீரை நேராக ஊற்றினால் புளிப்பு நீர்த்துப்போய்ச் செத்துவிடும். நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் குளிரால்.

"என்ன மாப்ள உக்காந்துட்ட" என்றான் கொம்போ. ஒரு பக்கக் கன்னம் பல் பிடுங்கிய வீக்கத்தில் உப்பியிருந்தது, பேச்சு பாதிதான் வெளியே வந்தது. "மார்ச் மாசத்துல குட்டி விறைச்சுப் போச்சுன்னா நாங்க உக்காந்துக்குவமா? சூட்டப் பக்கத்துல வையி. பாட்டில் இருக்கா?"

"பாட்டிலா?"

"மூடி போட்ட பாட்டில். வெந்நீர ஊத்தி மூடி உள்ள மெதக்க விடு. ஆறுனா எடு, மாத்து. அவ்ளோதான்."

நம் வீட்டில் காலி பாட்டில் எத்தனை இருந்தது தெரியுமா? இரண்டு. இரண்டும் வினிகர் பாட்டில். இதை நீ நல்லமுறையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் படிக்கட்டில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினேன். மானத்தை விட்டுக் கேட்டேன்: வோட்கா பாட்டில், காலியானது, மூடியோடு. முதலில் எல்லா வீட்டிலும் ஒரே பதில், எங்க வீட்ல ஏதுங்க. பிறகு தாரீமா அக்கா தன் கதவைத் திறந்து படிக்கட்டில் நின்று, "ஆலை நின்னுபோச்சுன்னா ரெண்டாம் மாடி பையனுக்கும் மூணாம் மாடி பொண்ணுக்கும் வேல போயிடும். வெக்கப்படற நேரமா இது?" என்று சத்தம் போட்டுவிட்டு, தன் கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டில்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். வைத்தாள், வைத்தாள், வைத்துக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்று. "மூட்டு வலிக்குத் தேய்க்க வாங்கினது" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கெண்டி கொதித்தது. பாட்டில் மேலே ஏறியது, ஆறிய பாட்டில் கீழே இறங்கியது. கொம்போ தன் ஆட்டுத்தோல் அங்கியைக் கழற்றித் தொட்டியின் மேல் போர்த்திவிட்டு, மேல்சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கொரு தரம் பாட்டிலைப் புரட்டிக்கொண்டே, "நெருங்கிப் படுங்கடி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுங்க" என்று அவற்றை அதட்டிக்கொண்டிருந்தான். சிமெட் வந்து பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கெண்டி தூக்க ஆரம்பித்தான்.

இரண்டு நாள் இப்படி. இரண்டாம் நாள் காலைதான் உன் தந்தி வந்தது. தபால்காரர் கூட்டத்தைத் தாண்டி மேலே வர முடியாமல் இரண்டாம் மாடியில் நின்றே உரக்கப் படித்தார்: பெண் குழந்தை, மூன்று கிலோ நானூறு, தாய் சுகம். படிக்கட்டு முழுக்கக் கை தட்டியது. தாரீமா அக்கா அழுதாள். கொம்போ தொட்டிக்குள் குனிந்து அவற்றிடமும் சொன்னான். நான் உனக்கு அனுப்பிய பதில் தந்தியில் "பத்தொன்பது டிகிரி, ஏறுகிறது, ஆனந்தம்" என்று இருந்ததற்கு இதுதான் காரணம். குழந்தைக்குக் காய்ச்சலா என்று மாப்பிள்ளை டாக்டரைக் கூட்டிவந்தானாமே. மன்னித்துக்கொள்.

பதினேழாம் தேதி குழாயில் வெப்பம் வந்தது. பதினெட்டாம் தேதி ரஷ்யாவிலிருந்து பாகமும் வந்தது. நூற்றிருபது லிட்டரையும் கொட்டகைக்குக் கொண்டுபோய் நாற்றாக வைத்துப் பெரிய தொட்டிகளில் பெருக்கினோம். இருபத்தைந்தாம் தேதி புதுக் குவியலின் குழாய்களில் விட்டோம். விட்ட அன்று குவியலுக்குள் நாலு டிகிரி. அடுத்த நாளும் நாலு. அதற்கடுத்த நாள் மூன்றரை. சிமெட்டின் மேசையில் அந்தப் பட்டியல் அப்படியே இருந்தது, பேனா அதன் மேலே இருந்தது. நான் ஆலைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். கொம்போவின் பல் விவகாரம் என்றைக்கோ முடிந்துவிட்டது, அவன் மந்தையை மூத்த மகனிடம் விட்டுவந்திருந்தான், ஆனாலும் ஊருக்குக் கிளம்பவில்லை. "என்னோடது அங்க நல்லாத்தான் இருக்கும். இது பொழச்சுதான்னு தெரியாம எப்படிப் போறது" என்றான்.

நேற்றுப் பகல் குவியலின் மேல் ஏறினோம். நான், சிமெட், கொம்போ. காற்று முகத்தைச் சீவியது. மேலே இருந்த பனியை விலக்கி, உறைந்த கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, ஒரு மீட்டர் தோண்டினோம். முக்கால் மீட்டரில் கடப்பாரை சத்தம் மாறியது, ணங் என்றிருந்தது சதக் என்றது. குழியிலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்தது. வெப்பமானியை விட்டேன். ஒன்பது. கண்ணாடியில் மூச்சுப் பனி படிந்திருக்கிறதோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்பதுதான். கொம்போ வயிறு படியப் படுத்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் கையை விட்டு வைத்திருந்தான். ஈனப் போகிற ஆட்டின் வயிற்றைத் தடவுகிற மாதிரி. "இருக்குதுங்க எல்லாம்" என்றான். சிமெட் குவியலின் மேலேயே உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தான். காற்று அதை ரஷ்யா பக்கமாகக் கொண்டுபோயிற்று. கீழே வாய்க்காலில் தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது, யஞ்சிமா. அந்த நீலம் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வீட்டு விவகாரம். குளியல் தொட்டியைச் சோடா போட்டுக் கழுவியாயிற்று. பாக்டீரியா ஒன்றுகூட வீட்டில் இல்லை. விரிப்பு கிழிந்த இடத்தில் கொஞ்சம் பூச்சு போய், உள்ளே இருந்த இரும்பில் செம்பு ஏறி, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நீ புத்தாண்டுக்குச் செய்து பால்கனியில் உறையவைத்த அறுநூறு கறிக் கொழுக்கட்டையில் இருநூற்றுப் பத்தைப் படிக்கட்டுக்காரர்கள் அந்த இரண்டு நாளில் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், நான்தான் கொடுத்தேன். ஆகவே நீ அவசரப்பட்டு வரவேண்டாம். பேத்திக்குக் கழுத்து நிற்கும்வரை, மார்ச் கடைசிவரை, அங்கேயே இரு. நான் தனியாக நன்றாகச் சமாளிக்கிறேன் என்பது இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். வருகிற புத்தாண்டு விருந்தாளிகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

பேத்தியின் உச்சியை என் சார்பில் முகர்ந்து பார். பால் வாசனை அடித்தால் எல்லாம் சரி. நொமினுக்கு என் ஆசி, மாப்பிள்ளையின் பஸ்ஸுக்குத் தடையில்லாத கம்பியும் பனியில்லாத பாதையும் வாய்க்கட்டும். உன் கால்கள் வலியில்லாமல் இருக்கட்டும். வானம் உங்கள் எல்லோர் மேலும் உயரமாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்.

உன்,
நம்ஸ்ராய்

பின்குறிப்பு: கடிதத்தை ரயில் நடத்துநரிடம் கொடுக்கப் போகும் வழியில் தாரீமா அக்கா படிக்கட்டில் மறித்தாள். "என்ன தம்பி, யஞ்சிமாவுக்கா? காகிதத்த வீணடிச்சிட்டியே. தொலைபேசி நிலையத்துல என் தங்கச்சி மகதான இருக்கா, நான்தான் வாராவாரம் புதன்கிழமை அங்கேர்ந்து யஞ்சிமாகிட்ட எல்லாம் சொல்லிடறேனே" என்றாள். விரிப்பு தெரியுமா என்றேன். அது முதல் புதனே தெரியுமாம். பீப்பாயும், கொழுக்கட்டையும்? தெரியுமாம். அப்புறம் ஏன் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "அவரே எழுதட்டும், நான் கேட்டேன்னு தெரிய வேணாம்னு சொன்னா. கொம்போவப் புடிச்சு ஊருக்குப் போகாம இருக்கச் சொன்னதும் அவதான்" என்றாள். இன்றும் பேசினாளாம். நீ, நொமின், குழந்தை, மூன்று பேரும் சனிக்கிழமை ரயிலில் வருகிறீர்களாம், வந்ததும் குழந்தையை நம் தொட்டியில்தான் குளிப்பாட்டப் போகிறாயாம். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. நான் சமாளிக்கிறேன் என்று எழுதியதை எடுத்துவிடு, யஞ்சிமா, நான் சமாளிக்கவில்லை. சீக்கிரம் வா.

ஆக, இதில் உனக்குத் தெரியாத செய்தி எதுவுமே இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன், ஏனென்றால் ஒரு விஷயம் தாரீமா அக்காவுக்கே தெரியாது. ஆலைப் பதிவேட்டில் ஒவ்வொரு வளர்ப்புக்கும் ஒரு பெயர் எழுத வேண்டும். பிழைத்த அந்த மூன்றாம் தொட்டிக்கு நாலு வருஷத்துக்கு முன்னாலேயே உன் பெயரை எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "புளிப்பு அதிகம், இரும்பையும் செரிக்கும், எந்தக் குளிரிலும் கைவிடாது" என்று இருக்கிறது. மையால் எழுதியது, அழிக்க முடியாது.